இரண்டாவது காபியில் வந்த பதில்

நானூற்று முப்பத்தாறு படிவங்கள். அத்தனையிலும் ஐந்து.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐந்துதான் உச்ச மதிப்பெண். அதற்கு மேல் ஓர் எண் இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பார்கள் என்றுதான் அன்றைக்கு நம்பினேன். மலைக் கிராமத்துத் தாய்மார்கள் ஓர் ஆண்டு முழுவதும் எங்கள் சங்கத்துக்குப் போட்ட மதிப்பெண் அது. நடுவில் ஒரே ஒரு படிவத்தில் மட்டும் நான்கு விழுந்தது. மலை உச்சியில் இருக்கும் கோர்ன்யே பாரே கிராமத்து செனியா போட்டது. மறுவாரம் எங்கள் வாசலில் வந்து நின்ற சங்க வேனில் ஏறி அவளைப் பார்த்ததும், "ஏண்டி செனியா, எங்க மேல என்ன கோபம்? ஒரு மார்க்க முழுங்கிட்டியே!" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "கை தவறிடுச்சுக்கா" என்று சொல்லி நான்கை அடித்து ஐந்தாக்கிக் கொடுத்தாள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் ஸும்ரெதா. க்ரிவாயா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், உடம்பு ஒத்துழைக்காத பிள்ளைகளைப் பெற்ற ஏழு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் எங்களுடையது. மூடிப்போன ரொட்டிக் கடையின் பின்னறையில் தொடங்கினோம். இப்போது முன்னறையும் எங்களுடையதுதான். என் மகள் அம்னாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. அந்த மையம் இல்லாவிட்டால் அவள் நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அங்கே வந்தால் சத்தம் போட்டே எல்லோரையும் அதட்டுகிறாள், கை காட்டிப் பாட்டுப் போட வைக்கிறாள், ஐந்து விதமாகச் சிரிக்கிறாள்.

ஊர்ப் பிள்ளைகள் மையத்துக்கு வந்துவிடுவார்கள். மலைமேல் இருக்கும் பதினோரு பிள்ளைகளுக்கு வழியில்லை. அவர்களுக்காக ஒரு வேன் வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்தேன். நகராட்சியில் என்னைக் கண்டாலே காவலாளி கதவுக்குப் பின்னால் போய்விடுவான். கடைசியில், மையத்துக்கு இரண்டு வருடமாகப் பணம் தந்துவந்த அறக்கட்டளையே கண் திறந்தது. பதினாறு இருக்கை, வெள்ளை நிறம்; செவ்வாய்க்கிழமை பாதிப் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை மீதிப் பிள்ளைகள். அது ஊருக்குள் வந்த அன்று நடுரோட்டில் நின்று அழுதேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் பொன் குஞ்சுக்கு நான்கு சக்கரம்.

வேன் ஓட ஆரம்பித்து ஓர் ஆண்டானபோது அந்த அறக்கட்டளை கடிதம் போட்டது. மையத்துக்குத் தந்த முதல் மூன்று வருடப் பணம் முடியப்போகிறது. அடுத்த மூன்று வருடம் வேண்டுமென்றால், உங்கள் வேலையால் என்ன மாறியது என்பதை நீங்களே அளந்து காட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க ஒருவரை அனுப்புகிறோம். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. வேன் நிற்கும், பிசியோதெரபிஸ்ட் இவோனா போய்விடுவாள், மையத்தின் கதவு சாத்தப்படும், அம்னா மறுபடி சுவரைப் பார்ப்பாள்.

தலைநகர் சரயேவோவிலிருந்து வெத்ரானா வந்தாள். முப்பத்திரண்டு வயது, ஒல்லி, தோளில் ஒரு பை நிறைய ஒட்டுக் காகிதங்கள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு. முதல் நாள் காலை ரொட்டிக் கடைச் சுவர் முழுக்க அவற்றை ஒட்டினாள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"இது செயல்பாடு. இது விளைவு. ரெண்டும் ஒண்ணு இல்லக்கா" என்றாள். "வேன் ஓடறது செயல்பாடு. வேன் ஓடினதால பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சுங்கறது விளைவு."

"வேன் ஓடினா பிள்ளைங்க வருவாங்க. வேற என்ன ஆகும், பறக்கவா முடியும்?" என்றேன்.

ஓரமாக உட்கார்ந்து சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஹைரோ அண்ணன் சிரித்தார். அவருக்கு அறுபது வயது. முன்பு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். "அந்த ரோட்டுல கொஞ்சம் அசந்தா பறக்கவும் செய்யலாம் தங்கச்சி" என்றார்.

வெத்ரானா சிரித்தாள், ஆனால் விடவில்லை. படிவங்களைக் கேட்டாள். பெருமையாக எடுத்து வைத்தேன். அவள் நூறு படிவம் வரைக்கும் புரட்டினாள்.

"எல்லாமே அஞ்சா?"

"ஏம்மா, உனக்கு அது பிடிக்கலையா?"

"எல்லாத்துலயும் ஒரே நீலப் பேனா. எல்லாத்துலயும் காலைல ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணின்னு நேரம் போட்டிருக்கு. பயிற்சி ஒன்பது மணிக்குத்தானே? நடக்கறதுக்கு முன்னாடியே அது எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டாங்களா?"

நான் ஹைரோ அண்ணனைப் பார்த்தேன். அவர் சிகரெட்டைப் பார்த்தார்.

"அது வந்து," என்றார், "ஏறும்போதே பேனாவக் குடுத்து வாங்கிடுவேன். திரும்பும்போது கேட்டா யாரு முழிச்சிருக்கா? பிள்ளையும் தூங்கும், தாயும் தூங்கும்."

வெத்ரானா அதைக் குறித்துக்கொண்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியில் தூங்காமல் வேறெங்கே தூங்குவார்கள்?

பிறகு அவள் கேட்டாள்: "செனியாவோட பொண்ணு ஜெலிலா, போன வருஷம் இந்நேரம் எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா?"

வாயைத் திறந்தேன். ஜெலிலா முப்பத்தெட்டு முறை மையத்துக்கு வந்தாள் என்று தெரியும். எந்தெந்தத் தேதி என்றுகூடத் தெரியும். ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று என் காகிதம் ஒன்றிலும் இல்லை. படிவங்களைக் கட்டி அலமாரியில் வைத்தேன். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பெண்ணின் மேல் எரிச்சலாகவே இருந்தது.

மறுநாள் வெத்ரானா தனியாகவே தன் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். சாயங்காலம் முகம் தொங்கத் திரும்பி வந்தாள்.

"நாலு வீடு போனேன். எல்லாரும் 'ரொம்ப நல்லாருக்கு, அல்லாவுக்கு நன்றி'ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல."

"எத்தனை காபி குடிச்ச?"

"வீட்டுக்கு ஒண்ணு."

நானும் ஹைரோ அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க பொறந்து வளர்ந்த நீ? சரயேவோவுல காபியப் பேப்பர் கப்புலதான் குடிக்கறீங்களா?" என்றார் ஹைரோ அண்ணன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு மூன்று காபி. கதவைத் தாண்டியதும் வருவது வரவேற்புக் காபி. அதைக் குடிக்கும்போது எல்லாம் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் நலம்தான். இரண்டாவது பேச்சுக் காபி. செம்புக் குடுவையை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்காரி சோபாவில் காலை மடக்கி உட்கார்வாள். அப்போதுதான் மருமகள் பற்றியும், மூட்டு வலி பற்றியும், மனதில் கிடக்கும் எல்லாவற்றைப் பற்றியும் பேச்சு வரும். மூன்றாவது, போய் வா காபி. அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் செருப்பைத் தேட வேண்டியதுதான்.

"முதல் காபில போய் மார்க் கேட்டா அஞ்சுதான் கெடைக்கும். நாளைக்கு நான் வரேன். எப்படிக் கேக்கணும்னு பாத்துக்க" என்றேன். பாடம் எடுக்க வந்தவளுக்குப் பாடம் எடுக்கப் போகிறோம் என்று எனக்கு ஒரே குஷி. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

செனியா வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றினோம். முன்னறையில் ஜெலிலா சாய்வு மெத்தையில் படுத்திருந்தாள். ஏழு வயது, பெரிய கண்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளையாட்டுக்கு என்று நினைத்தேன்.

முதல் காபி வந்தது, சர்க்கரைக் கட்டியும் லோக்கும் என்ற மெத்து மிட்டாயும் கூடவே வந்தன. எல்லாம் நலம். வேன் நலம், இவோனா நலம், ரோடுகூட நலம். வெத்ரானா நோட்டை எடுக்கப் போனாள். அவள் முழங்காலில் தட்டி நிறுத்தினேன். உருளைக்கிழங்கு விளைச்சல் பற்றிப் பேசினேன். ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போன செனியாவின் கணவனைப் பற்றிக் கேட்டேன். செனியா எழுந்து குடுவையை அடுப்பில் வைத்தாள். வெத்ரானா பக்கம் திரும்பிக் கண்ணடித்தேன்.

இரண்டாவது காபியை ஊற்றிவிட்டு செனியா காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு செனியா. செவ்வாக்கிழமைங்க எப்படிப் போகுது?" என்றேன்.

அவள் சர்க்கரைக் கட்டியைக் காபியில் தொட்டுக் கடித்தாள்.

"நிஜமாவே கேக்கறீங்களாக்கா?"

"பின்ன என்ன?"

"நாலரை மணிக்கு எழுப்பறேன். அவளுக்குத் தூக்கம் கலையாது. அழுதுகிட்டே உடுத்தி விடறேன். ஆறு மணிக்கு வேன். அப்புறம் ஒவ்வொரு ஊரா நின்னு நின்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல. மூணாவது வளைவு தாண்டினதும் வாந்தி எடுப்பா. ஒவ்வொரு செவ்வாயும். அங்க வந்து சேரும்போது துவண்டு போயிருப்பா. இவோனா அவ காலப் பிடிச்சு நீட்டி மடக்கும்போது அவ தூங்கிகிட்டு இருப்பா. தூங்கற பிள்ளைக்கு என்னக்கா பயிற்சி? திரும்ப ரெண்டு மணி நேரம். புதன்கிழமை பூரா தலையத் தூக்க மாட்டா. வியாழன் சாயங்காலம்தான் திங்கக்கிழமை இருந்த மாதிரி ஆவா."

நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"முன்னாடி நானே வீட்டுல ஏதோ செஞ்சுகிட்டிருந்தேன். அப்ப சுவத்துல சாஞ்சு உக்காருவா. அவ உக்காந்திருக்கற நேரத்துல வாசல்ல போய் அஞ்சு சட்டை காயப்போட்டுட்டு வந்துருவேன். அஞ்சு சட்டைக்கா. அது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களும் இப்படி ஒரு பிள்ளையப் பெத்தவங்க. இப்ப ரெண்டு சட்டை போடறதுக்குள்ள சரிஞ்சிடறா."

"அப்ப எதுக்குடி அஞ்சு போட்ட?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு தடவ நாலு போட்டேன்" என்றாள் செனியா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க என்ன செஞ்சீங்க?"

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த வேன் வந்த அன்னைக்கு நீங்க நடுரோட்டுல நின்னு அழுதீங்க. நானும் பாத்தேன். அதுக்கப்புறம் எந்த முகத்தோட மூணு போடறது? அதுவுமில்லாம, குறை சொன்னா வேன எடுத்துருவாங்க. எடுத்துட்டா எங்களுக்குன்னு என்ன இருக்கு? வாந்தியோட வர்ற வேனாவது இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். "அந்தப் போய் வா காபியக் குடுத்துடு செனியா, நான் கெளம்பறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் எந்த விருந்தாளியும் அதைத் தானே கேட்டு வாங்கமாட்டாள். செனியா பதறிப்போனாள். கொண்டுவரவும் மனமில்லாமல், மறுக்கவும் முடியாமல் அடுப்பருகில் நின்றாள். அவளை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அந்த மரியாதைக்கேட்டை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்று எங்களை வேனில்தான் ஹைரோ அண்ணன் அழைத்துப் போயிருந்தார். இறங்கும்போது மூன்றாவது வளைவில் கேட்டேன்: "அண்ணே, பிள்ளைங்க வாந்தி எடுக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் பை நானே வாங்கி வெச்சிருக்கேன். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வண்டியக் கழுவறது யாரு, நீயா?"

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே தங்கச்சி. எத்தனை பேர் ஏறினாங்கன்னு கேட்ட, சொன்னேன். எத்தனை கிலோமீட்டர்னு கேட்ட, சொன்னேன்."

மையத்துக்கு வந்து இவோனாவைப் பிடித்தேன். அவளும் சொல்லியிருக்கிறாளாம். போன இலையுதிர்காலத்தில், "மலைமேல இருந்து வர்ற பிள்ளைங்க ரொம்பக் களைச்சு வராங்க" என்றாளாம். "காலைல எந்தப் பிள்ளைதான் தூங்கி வழியாது" என்று நான் பதில் சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. ஆனால் அது என் வார்த்தைதான். என்னைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானூற்று முப்பத்தாறு காகிதத்தை அடுக்கி வைத்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

வெத்ரானா என் எதிரில் உட்கார்ந்தாள். நான் முந்திக்கொண்டேன். "நீ இத எழுதி அனுப்பிட்டா எங்க கதை முடிஞ்சுது. ஒரு வருஷமா பிள்ளைங்கள வதைச்ச வேனுக்கு எவன் மறுபடி தருவான்?"

"நான் எழுத மாட்டேன்கா."

"என்னது?"

"அது என் அறிக்கை இல்ல. உங்க அறிக்கை. அளக்கக் கத்துக்குடுக்கத்தான் வந்தேன். அளந்தத என்ன செய்யறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நானூத்தி முப்பத்தாறு அஞ்ச அனுப்பினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவள் மிரட்டியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. இப்படிச் சொல்லிவிட்டு ஒட்டுக் காகிதங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவளை என்ன செய்ய?

வீட்டுக்குப் போய் அம்னாவுக்கு ஸ்பூனால் சூப் ஊட்டினேன். ஐந்துகளை அனுப்பிவிடலாம் என்று முதல் கரண்டியில் தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் கஷ்டம்தான். ஆனால் இதைக் கேட்பவர்கள் சோற்றைக் கிளறப்போவதில்லை, சரயேவோவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். என் மகளின் மையம் பிழைக்கும். அம்னா சூப்பைத் துப்பினாள். சூடு அதிகம். அவளுக்குப் பேச்சு வராது, பிடிக்கவில்லையென்றால் துப்புவாள். பத்தொன்பது வருடமாக நான் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை, அவள் முகத்தைப் பார்த்தே ஊட்டியிருக்கிறேன். ஜெலிலாவின் முகத்தை ஒரு வருடமாக நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது விளையாட்டுக்கு அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. என்னைக் கண்டால் அவளுக்கு வேன் நினைவு வந்திருக்கும். அழுதேன். சூப் ஆறிப்போனது.

மறுநாள் வெத்ரானாவைக் கூப்பிட்டு, "மத்த பத்து வீடும் போகணும். எதக் கேக்கணும்னு சொல்லிக் குடு" என்றேன்.

அவள் சொல்லிக்கொடுத்தது எளிமையாகத்தான் இருந்தது. மார்க் கேட்காதே. பிள்ளை எது செய்தால் இந்த வாரம் நல்ல வாரம் என்று நினைப்பாய் என்று தாயிடம் கேள். அவள் சொல்வதுதான் அந்த வீட்டின் அளவுகோல். அதைக் குறித்துக்கொண்டு, வேன் நாளுக்கு முந்தைய நாள் எப்படி, மறுநாள் எப்படி என்று ஒரு மாதம் தாயையே குறிக்கச் சொல். கேட்கிற நேரத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது காபி ஊற்றிய பிறகு.

முதலில் செனியா வீட்டுக்குத்தான் போனேன். வாசலிலேயே, "அன்னைக்கு உன் வீட்டு மரியாதையக் கெடுத்துட்டுப் போயிட்டேன். மன்னிச்சுக்க" என்றேன். அவள் குடுவையை அடுப்பில் வைத்தாள். அன்று மூன்று காபியும் முறையாகக் குடித்தேன்.

இரண்டு வாரத்தில் நான் குடித்த காபிக்கு வயிறு அடுப்பாக எரிந்தது. ஒரு தாய்க்கு அளவுகோல் செனியாவைப் போலச் சட்டை. இன்னொருத்திக்கு, மகன் ஸ்பூனைக் கீழே போடாமல் எத்தனை வாய் சாப்பிடுகிறான் என்பது. ஒருத்தி, "அவ அண்ணன் வீட்டுக்குள்ள வரும்போது தலையத் திருப்பிப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். ஒருத்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் ஒரு காபிய சூடா குடிச்சு முடிக்கணும்" என்றாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர்களிலேயே பென்சிலால் குறித்தார்கள். மாதம் முடிந்ததும் ஹைரோ அண்ணன் காலண்டர் தாள்களைக் கிழித்து வாங்கி வந்தார். இந்த முறை தன் பேனாவை யாருக்கும் கொடுக்கவில்லை.

பதினோரு வீட்டில் எட்டு வீட்டில், வேன் நாளுக்கு மறுநாள் பிள்ளை முந்தைய நாளைவிட மோசம். மூன்று வீட்டில் நன்மை. அந்த மூன்றும் கீழ்ச்சரிவில், அரைமணி தூரத்தில் இருப்பவை. அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு வருடத்து ஐந்துகள் சொல்லாததை ஒரு மாதத்துக் காலண்டர் சொல்லிவிட்டது.

சரயேவோவில் அறக்கட்டளையின் கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெத்ரானா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஹைரோ அண்ணன் வேனிலேயே இருந்துவிட்டார்; "அழறதா இருந்தா கீழ வந்து அழு, அங்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

காலண்டர் தாள்களை மேசையில் பரப்பினேன். "மூணு வருஷம் அலைஞ்சு நான் வாங்கின வேன் இது. மூணு பிள்ளைங்களுக்கு நல்லது பண்ணுது. எட்டுப் பிள்ளைங்களுக்குக் கெடுதல் பண்ணுது" என்றேன். தண்ணீர் குடித்தேன்.

நடுவில் இருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஒரு வருஷம் வீணா?"

"ஆமா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? "இனிமே வீணாக்க வேண்டாம்னுதான் வந்தேன். பிள்ளைங்கள கீழ கொண்டு வர்றதுக்குப் பதிலா இவோனாவ மேல கொண்டு போறோம். எட்டு வீட்டுக்கும் வீட்டுக்குள்ளயே பயிற்சி. தாய்க்கும் சொல்லிக் குடுப்பா. கீழ்ச்சரிவு மூணு பிள்ளைங்களும் எப்பவும்போல வேன்லயே வருவாங்க."

"அப்படின்னா ஒரு பிள்ளைக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவதான் வரும். எண்ணிக்கை பாதியாக் குறையுமே?"

"குறையும். சட்டை கூடும்."

அவருக்குப் புரியவில்லை. செனியாவின் காலண்டரை எடுத்து விளக்கினேன். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, பென்சில் கோடுகளைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நல்லது, பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கீழே வந்து வேனில் ஏறி, ஹைரோ அண்ணன் சொன்னபடியே அழுதேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கேட்ட மூன்று வருடம் இல்லை. ஆறு மாதம். ஆறு மாத முடிவில் இதே மாதிரி அளந்து கொண்டுவந்தால் மீதியைப் பற்றிப் பேசலாம்.

"ஆறு மாசமா!" என்று தாளை மேசையில் அடித்தேன்.

"நேத்து வரைக்கும் உனக்கு ஒரு மாசம்கூட இல்ல" என்றார் ஹைரோ அண்ணன். "வண்டி கெளப்பட்டுமா?"

அடுத்த செவ்வாயிலிருந்து பதினாறு இருக்கை வேனில் இவோனா மட்டும் மலையேறினாள். முதல் நாள் மூன்றாவது வளைவில் அவள் வாந்தி எடுத்தாள். "பிள்ளைங்க எடுத்ததெல்லாம் வட்டியோட உனக்கு வந்துருச்சு" என்று சொல்லி ஹைரோ அண்ணன் பிளாஸ்டிக் பையை நீட்டினாராம். மறுவாரம் அவள் முன் இருக்கைக்கு மாறினாள், பழகிவிட்டது. வேனின் பின் இருக்கைகளை மடக்கி வைத்துவிட்டு, பயிற்சி மெத்தையும் பெரிய ரப்பர் பந்தும் ஏற்றினோம். என் பொன் குஞ்சு சாமான் வண்டியாகிவிட்டது. வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

படிவத்தையும் மாற்றினோம். வெத்ரானா ஒன்று எழுதினாள், நான் அடித்தேன், அவள் மறுபடி எழுதினாள், அப்படியே நாலைந்து நாள் சண்டை. கடைசியில் மூன்றே வரி நின்றது. உங்கள் அளவுகோலில் இந்த வாரம் எவ்வளவு? எங்களுக்கு எத்தனை மார்க்? ஏன்? இவோனா போன பிறகு, தாய் தனியாக இருக்கும்போது எழுதி, உறையில் ஒட்டி அனுப்ப வேண்டும். இவோனா பார்க்கக் கூடாது, ஹைரோ அண்ணன் பார்க்கக் கூடாது. முக்கியமாக நான் வேனில் ஏறி யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அந்தக் கடைசி விதியை நானே என் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்னா அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஒட்டும்போது முணுமுணுத்த வசவுகளுக்குச் சிரித்திருப்பாள்.

முதல் மாதம் உறைகளில் மறுபடி ஐந்துகள்தான் வந்தன. எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. "இத்தனை வருஷப் பழக்கம்கா, ஒரு மாசத்துல போகுமா?" என்றாள் வெத்ரானா. அவள் வேலை முடிந்து சரயேவோவுக்குத் திரும்பிவிட்டாள். வாரம் ஒரு முறை போனில் பேசுவோம். இரண்டாவது மாதமும் ஐந்துதான். ஆனால் அளவுகோல் வரியில் தயங்காமல் எழுத ஆரம்பித்திருந்தார்கள். மூன்று சட்டை. நாலு வாய் சூப். அண்ணன் வந்தான், பார்த்தாள்.

நான்காவது மாதம், பனி உருகி ஆறு சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, செனியாவின் உறையைப் பிரித்தேன். கட்டை எழுத்தில் இருந்தது.

*அளவு: ஒன்பது சட்டை. பத்தாவது போடும்போது உள்ளே வந்து பார்த்தேன், அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தாள்.*

*மார்க்: 4.*

*ஏன்: இவோனா பிள்ளையை நன்றாகப் பார்க்கிறாள். ஆனால் ஒரே காபியோடு எழுந்து ஓடிவிடுகிறாள். எனக்கும் பேச வேண்டியது இருக்கிறது.*

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "இவோனா! இங்க வாடி!" என்று கத்தினேன். உள்ளறையிலிருந்து அவள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஹைரோ அண்ணனும் வந்தார்.

"உனக்கு நாலு போட்டிருக்கா செனியா!"

"ஐயோ, என்ன தப்பு பண்ணினேன்?"

"காபி குடிக்கத் தெரியல உனக்கு" என்றேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவளுக்குப் புரியாமல் ஹைரோ அண்ணனைப் பார்த்தாள். அவர் தாளை வாங்கிப் படித்தார். வண்டியைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

வெத்ரானாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "அக்கா, அத ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்றாள்.

பிறகு சுவரில் இருந்த கால அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அரைமணி நேரம் கூட்டினேன். இரண்டாவது காபிக்கு. செனியாவின் படிவத்தைக் கோப்பில் வைத்தேன். அந்த நான்கைத் திருத்தச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.